பன்னிரண்டாம் எண்

ஐந்து ரோட்டு மேம்பாலத்தை ஒட்டி
வெயில் ஒருபோதும் எட்டாத அறை என்னுடையது.
தாடையை இங்கே வைங்க,
குச்சியை முன்பல்லால் கடிங்க,
நாக்கை மேலே ஒட்டுங்க,
பதினாலு நொடி சிலைமாதிரி.
இயந்திரம் தலையைச் சுற்றி வரும்.

பிறகு திரையில்
ஏழு வயசுக் குழந்தையின் முகம்
தாய்க்கும் காட்டத் தயங்குகிற மாதிரி இருக்கும்:
கண்குழிக்குக் கீழே கோரைப்பல்,
பால்பல்லின் வேர்களுக்கு நடுவே அடுத்ததன் தலை,
ஜங்ஷன் பஸ்ஸில் சீட்டருகே நிற்கிறவர்கள் போல
யார் எழுந்திருப்பார் என்று பார்த்தபடி.

டாக்டர் ஒருநாள் டீ ஆறுகிற வரைக்கும் சொன்னார்.
கருவில் ஆறாவது வாரம்,
ஈறு வரப்போகும் இடத்தில் ஒரு மடிப்பு.
மடிப்பில் மொட்டு.
மொட்டு குல்லாவாகும், குல்லா மணியாகும்.
மணிக்குள் இரண்டு வகைச் செல்கள்
எதிரெதிரே நின்று
பின்வாங்கிப் பின்வாங்கி
நடுவில் பல்லை விட்டுப் போகும்.
எனாமல் போடுகிறவை
பல் வெளியே வருவதற்குள் செத்துவிடும்.
அப்புறம் பழுதுபார்க்க ஆளில்லை, என்றார்.
பிறந்த அன்றைக்கும் ஒரு கோடு விழுமாம் பால்பல்லில்.
மைக்ரோஸ்கோப் வைத்தால்தான் தெரியும்.

ஓமலூர்ப் பக்கமிருந்து மோனிஷா வந்தாள், ப்ளஸ் டூ.
எண்ணிக்கையில் குறையில்லை.
மேலே குறுக்குவாட்டில் பழுப்பு.
இரண்டு வயசில் குடித்த போர்த்தண்ணி.
"தினம் ரெண்டு தடவை தேய்க்கிறேங்க"
நான் கேட்காமலே சொன்னாள், வாயைக் கையால் மூடி.
அவள் அம்மா நவமணி பர்ஸைத் திறந்தாள், மூடினாள்.
"அந்தத் தண்ணிக்கே
ராத்திரி ரெண்டு மணிக்கு லைன்ல நின்னேன்."

எனக்கு மேல்வரிசை வலப்பக்கம்
பன்னிரண்டாம் எண் கிடையாது.
விழவில்லை. வந்ததே இல்லை.
பதிமூன்று நகர்ந்து வந்து
புறம்போக்கு நிலம்போலப் பாதியைப் பிடித்துக்கொண்டது.
பெண் பார்க்க அனுப்பிய போட்டோவில் உதடு மூடியிருக்கிறேன்.
"அடக்கமா வந்திருக்கு" என்றார்
செவ்வாய்ப்பேட்டை ஸ்டுடியோக்காரர்.

ஆதிரனுக்குப் படம் எடுக்கச் சொல்லி
டாக்டர் எழுதிய சீட்டு
மூன்று மாசம் என் ஹேண்ட்பேகில் இருந்தது,
பஸ் டிக்கெட்டுகளோடு கசங்கி.
நேற்றுக் கூட்டி வந்தேன்.
ஈயக் கவசம் முழங்கால் வரை தொங்கியது.
சிலைமாதிரி என்றேன்.
நின்றான், மூக்கு மட்டும் துடித்தது.

பதினொன்று இருக்கிறது.
பதிமூன்று, உயரத்தில், இருக்கிறது.
நடுவில் எலும்பு,
ஆற்றுமணல் மாதிரி சாம்பல் எலும்பு.
வெளிச்சத்தைக் கூட்டினேன், குறைத்தேன்.
இடப்பக்கத்து இருபத்திரண்டு உண்டு,
ஆணிபோல ஒல்லியாக.
அவன் வயிற்றில் இருந்தபோது
எதைச் சாப்பிடாமல் விட்டேன் என்று
பட்டியல் போட ஆரம்பித்தது மனசு.
சாப்பாட்டில் இல்லை அது, எனக்கே தெரியும்.
வருகிற அம்மாக்களிடம் நான்தான் அதைச் சொல்வேன்.

"எல்லாம் இருக்காம்மா?"
"ஒண்ணு இல்லை."
"எது?"
தொட்டுக் காட்டினேன்.
திரையில் என் விரல்ரேகை விழுந்தது.
என் வாயைப் பார்த்தான், திரையைப் பார்த்தான்,
மறுபடி என் வாயை.
"அப்போ ஸ்ட்ரா வைக்க எடம் இருக்கும்ல."

வெளியே டோக்கன் பத்தொன்பதைக் கூப்பிட்டார்கள்.
கதவு திறந்தபோதும்
நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்,
கை மேலே போகவில்லை.